கல்லின் அடியில் ஓர் எண்

போன ஜூலையில் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் போயிருந்தோம். வடதுருவப் பகுதிப் பழங்குடிகளான இனுவிட் மக்களின் கலைக்கென்றே 2021இல் திறந்த கௌமாயுக் கூடம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயருக்கு இனுக்டிடுட் மொழியில் 'வெளிச்சமாயிருக்கிறது' என்று பொருள். உள்ளே நுழைந்ததுமே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டகம், அது நிறைய ஆயிரக்கணக்கில் கற்சிற்பங்கள். கரடி, சீல், ஆந்தை, முதுகில் பிள்ளையோடு நிற்கும் தாய். அந்தத் தாய்மார் உடுத்தும் 'அமௌட்டி'க்குப் பின்பக்கமே பிள்ளை உட்காரும் பைதான். மனைவி அங்கேயே நின்றுவிட்டார்.

எனக்கு மனதில் தங்கியது வேறு. சில சிற்பங்களின் அடியில் செதுக்கியவர் பெயர் இருக்காதாம், 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண்தான் இருக்குமாம். சுற்றிக் காட்டிய பெண் சொன்னார். இனுவிட் மக்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. இருந்த பெயர்களையும் அதிகாரிகளால் ஒழுங்காக எழுத முடியவில்லை. 1940களில் கனடா அரசு ஆளுக்கொரு எண் போட்டு வட்டமான வில்லையாகக் கொடுத்துவிட்டது. கிழக்கே இருப்பவருக்கு 'ஈ', மேற்கே 'டபிள்யூ'. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். 1970 வாக்கில் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்யும்வரை இதுதான் நடைமுறை. அதையே கையெழுத்தாகப் போட்ட சிற்பிகள் உண்டு.

இந்த ஊரில் அப்பா பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். வங்கியில் அப்பாவைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். இதைப் பெரிய குறையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

அவர்கள் பெயர் வைக்கும் முறையையும் அந்தப் பெண் சொன்னார். இறந்தவரின் பெயர் பிறக்கும் குழந்தைக்குப் போகும், ஆண் பெண் பேதமில்லாமல். பாட்டியின் பெயரை வைத்தால், பெற்றவளே தன் பிள்ளையை 'அம்மா' என்று கூப்பிடுவாளாம். பெயரைக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் 'சௌனிக்' என்று ஒரே சொல். எலும்பு என்றும் அதற்குப் பொருளாம். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது!

மறுமொழி: படித்ததும் மாமியார் ஞாபகம் வந்துவிட்டது. என் மகனுக்கு மாமனார் பெயர். புருஷன் பெயரை அத்தை எப்படிச் சொல்வார்? பள்ளிக்கூடம் முடிக்கிறவரை அவனுக்கு 'தம்பி'தான். பெயரன்தானே பேரன் ஆனது?

இன்னொரு மறுமொழி: நான் வேறொரு காட்சியகத்தில் இனுவிட் மக்களின் பனிக்கண்ணாடி பார்த்தேன். பேர்தான் கண்ணாடி. எலும்பிலோ மரத்திலோ கண்ணுக்கு நேராக மெல்லிய கீறல், அவ்வளவுதான். பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைக் கெடுத்துவிடாமல் இருக்க. வீட்டுக்கு வந்து அட்டையில் ஒன்று வெட்டிப் பிப்ரவரியில் ஏரிப்பக்கம் மாட்டிக்கொண்டு போனேன். கண் கூசவே இல்லை. கால் வைக்கிற இடம்தான் தெரியவில்லை, சறுக்கி விழுந்தேன்.