டிஸ்கிரிமினேஷன்: ‘பிரித்தறிதல்’ அன்று, ‘களைவு’

அன்புடையீர், வணக்கம்.

மெட்டல் டிடெக்டரில் வேண்டாத பொருள்களின் ஒலியை அடக்க உதவும் ‘டிஸ்கிரிமினேஷன்’ எனப்படும் அமைப்புக்குத் தமிழில் ‘பாகுபாடு’, ‘பிரித்தறிதல்’ என்னும் இரு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. முதற்சொல் சமூக அநீதியைச் சுட்டுவதாகவே வேரூன்றிவிட்டதால், அதை இங்கே கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவதன் குறை இன்னும் ஆழமானது: கருவி செய்யாத ஒன்றைச் செய்வதாக அச்சொல் நம்பவைக்கிறது.

கருவியின் கம்பிச்சுருளில் எழும் மாறும் காந்தப்புலம், மண்ணில் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டத்தின் மறுபுலம் எவ்வளவு கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை, phase) பின்தங்கி வந்து சேர்கிறது என்பதைத்தான் பெரும்பாலான கருவிகள் அளக்கின்றன. அந்தப் பின்தங்கலைக் கடத்துதிறன் மட்டுமன்றிப் பொருளின் பருமனும் வடிவமும் கிடக்கும் நிலையும் சேர்ந்தே முடிவுசெய்வதால், மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பானக் கேனின் அலுமினியத் திறப்பு வளையமும் கருவியின் திரையில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். டிஸ்கிரிமினேஷன் குமிழைத் திருகிக் கூட்டும்போது கருவி எந்த உலோகத்தையும் அறிந்து சொல்வதில்லை. குறித்த வரம்புக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை அடக்கிவிடுகிறது, அவ்வளவே.

ஆகவே ‘களைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். களையோடு பயிரும் பிடுங்கப்படுவதுண்டு என்பதை உழவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ‘களைவைக் கூட்டினால் மோதிரமும் போய்விடும்’ என்றால் புதியவருக்கும் விளங்கிவிடும். ‘ஒதுக்கம்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். நிதி ஒதுக்கீடு, இட ஒதுக்கீடு என ஒன்றைத் தருவதற்கே அவ்வேர் பழகிவிட்டதால் கைவிட்டேன்.

தேடும் முறைக்கேற்ற கருவியைத் தேர்வதற்கும் இச்சொல் உதவும். குப்பை மிகுந்த பூங்காவில் நாணயம் தேடுபவருக்கு, களைவு வரம்பைச் சிறுசிறு படிகளாக மாற்ற இடமளிக்கும் கருவி ஏற்றது. இரும்பாணிகள் மண்டிய பழைய குடியிருப்பிடங்களில் தேடுபவர் களைவை மட்டும் நம்பக் கூடாது. ஓர் ஆணியின் ஒலியை அடக்கிய மறுகணமே பக்கத்திலுள்ள செப்புக்காசுக்கு ஒலிக்கும் மீள்வேகமும், இரண்டையும் தனித்தனியே தொடும் சிறிய சுருளும் அவருக்கு இன்றியமையாதவை. தங்கத் துணுக்கு தேடுபவரோ 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண்ணை நாடுவதோடு, களைவை இயன்றவரை குறைத்து, ஐயமான ஒலிகளையும் தோண்டிப் பார்த்தாக வேண்டும். உப்புநீர் ஊறிய கடற்கரை மணலிலும் தாதுச்செறிவு மிக்க நிலத்திலும் சிறப்பாக இயங்கும், விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பித் தேடும் துடிப்புத் தூண்டல் (pulse induction) கருவிகளில் களைவு பெரும்பாலும் இல்லை, அல்லது மிகக் குறைவு. அவற்றைப் ‘பிரித்தறியும் திறனற்றவை’ என்று எழுதினால் தரம் தாழ்ந்தவை போலத் தோன்றும்; ‘களைவற்ற கருவி’ என்றால் அதன் இயல்பு மட்டும் புலப்படும்.

‘கிரவுண்ட் பேலன்ஸ்’ இதனின்று வேறு என்பதால் அதற்கு ‘மண் ஈடு’ என்பதே போதும். அது மண்ணின் எதிர்வினையை நீக்குகிறது. பொருளின் ஒலியை அடக்குவதில்லை.

இரும்பை மட்டும் அடக்கும் நிலைக்கு ‘இரும்புக் களைவு’ என்பது இயல்பாக அமைகிறது. கருவி காட்டும் எண்களின் அளவுகோலில் நடுவே ஒரு பகுதியை மட்டும் அடக்கும் ‘நாட்ச்’ வசதிக்கு ‘இடைக்களைவு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘இடை’ என்பதை எடை என்று சிலர் மயங்கக்கூடுமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. இதைவிடப் பொருத்தமான முன்னொட்டு தோன்றுமானால் தெரிவிக்க வேண்டுகிறேன்.