எறும்பின் மேல் அசையாத வெளிர் புள்ளிகள்: உண்ணியா? ஆபத்தா?

தேன்சிட்டு:
கண்ணாடிப் பெட்டியில் கறுப்பு எறும்புக் கூட்டம் ஒன்றை வளர்க்கிறேன். சில வேலைக்கார எறும்புகளின் தலையிலும் வயிற்றிலும் வெளிர் பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கின்றன. மணல் துகளைவிடச் சிறியவை, அசைவதே இல்லை. ராணியின் மேலும் ஒன்றைப் பார்த்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. ரத்தம் உறிஞ்சுகின்றனவா? உண்ணி மருந்து தெளிக்கலாமா?

கரிசல்:
மருந்து வேண்டாம், எறும்புகளும் செத்துப்போகும். ராணியை வெளியே எடுத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.

புற்றருகே:
ராணியைத் தொடாதீர்கள். அந்த அலைக்கழிப்புதான் அவளுக்குப் பெரிய கேடு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இவை சிற்றுண்ணிகளின் (மைட்) பயணப் பருவமாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் அவற்றுக்கு இயங்கும் வாயே கிடையாது. பிறகு எப்படி உறிஞ்சும்? அடிவயிற்றில் இருக்கும் உறிஞ்சுத் தட்டால் ஒட்டிக்கொண்டு, வேறு இடம் போய்ச் சேரும்வரை சவாரி செய்யும், அவ்வளவுதான். இறங்கிய பிறகு தோலுரித்து வளர்ந்து பூஞ்சை, பாக்டீரியா, அழுகல் ஆகியவற்றைத் தின்னும். சில இனங்கள் எறும்பு சாகும்வரை காத்திருந்து, பிணத்தில் விளைவதைத் தின்கின்றன. ஆகவே மிஞ்சிய இரையையும் செத்த எறும்புகளையும் அன்றன்றே எடுத்துவிடுங்கள். தண்ணீருக்காக வைத்த ஈரப் பஞ்சில் பூஞ்சை பிடித்திருந்தால், பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்த புதுச் சோதனைக் குழாய் ஒன்றை வைத்து எறும்புகள் தாமாகவே இடம் மாற விடுங்கள்.

உண்ணி என்றாலே எதிரி என்று நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லேசியஸ் எறும்புகளோடு வாழும் ஆன்டென்னோஃபோரஸ் என்ற உண்ணியைப் பாருங்கள். எறும்பின் தாடைக்கு அடியில் தொங்கிக்கொண்டு, உணர்கொம்பு போல நீண்ட முன்கால்களால் அதன் வாயை வருடும். எறும்பும் தன் இனத்தான் கேட்கிறான் என்று ஒரு துளி உணவைக் கக்கிக் கொடுத்துவிடும். இரண்டு எறும்புகள் வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொள்ளும்போது நடுவில் புகுந்தும் பங்கு வாங்கும். ஒரே எறும்பின் மேல் இரண்டு மூன்று உண்ணிகள் ஏறினால், சுமை ஒரு பக்கம் சாயாதபடி இருபுறமும் சமமாக உட்காரும். பிரான்சில் எறும்பு ஆய்வாளர் சார்ல் ஜானே 1897இலேயே இதை எழுதிவிட்டார்.

உறிஞ்சுபவையும் உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்க வெப்பமண்டலத்துப் படையெறும்பு ஒன்றின் பின்காலின் பாதத்தில் மேக்ரோகீலிஸ் ரெட்டன்மெயரி என்ற உண்ணி வாழ்கிறது. குடிப்பது எறும்பின் ரத்தத்தைத்தான். ஆனால் எறும்புகள் ஒன்றையொன்று பற்றித் தொங்கும்போது, அந்த உண்ணியின் வளைந்த பின்கால்களே எறும்பின் நகங்களுக்குப் பதிலாகப் பிடிமானம் கொடுக்கின்றன. 1962இல் இது வெளியானது. முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேன்சிட்டு:
மிக்க நன்றி ஐயா. எப்போது கவலைப்பட வேண்டும்?

புற்றருகே:
புள்ளிகள் எறும்பின் மேல் ஓடித் திரிந்தாலோ, கால் மூட்டுகளில் பதிந்து நாளுக்கு நாள் உப்பினாலோ, உடனே எழுதுங்கள். எறும்புகள் இரை எடுக்காமல் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். வாயைச் சுற்றி மொய்த்துவிட்டால், வாயில்லா உண்ணியும் தொல்லைதான், எறும்பால் தின்ன முடியாது. அந்த நிலை வந்தால், உண்ணிகளைத் தின்னும் வேட்டை உண்ணிகளைப் பெட்டிக்குள் விடலாம். இரை தீர்ந்ததும் அவையும் குறைந்துவிடும். முடிந்தால் உருப்பெருக்கியில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்க்க எனக்கும் ஆசை.