செஸ்னா 172-ல் ஜைரோ ரெண்டும் தகராறு: ஓவர்ஹாலா, ஜி5-ஆ, ஜிஐ 275-ஆ?

சிறகு172:
எல்லாருக்கும் வணக்கம். கூட்டாளிங்க சேர்ந்து வச்சிருக்கிற 172என், ஜொகூர் செனாயில நிக்குது, 9எம் (மலேசியா) பதிவு. ரெண்டு பிரச்சினை, ரெண்டும் ஜைரோவுல (உள்ளே சக்கரம் சுத்தி ஓடுற கருவி). திசை காட்டுற ஹெடிங் இண்டிகேட்டர் கால் மணி நேரத்துல 15, 20 டிகிரி தள்ளிப் போயிடுது. விமானத்தோட சாய்வைக் காட்டுற ஆட்டிட்யூட் இண்டிகேட்டர், திருப்பம் முடிச்சு இறக்கையை நேராக்கின பிறகும் வலப்பக்கம் சாய்ஞ்சே நிக்குது, அப்புறம் மெதுவா நிமிருது. குரூஸ்ல, ஜைரோவைச் சுத்த வைக்கிற காத்து உறிஞ்சலை அளக்கிற சக்‌ஷன் கேஜ் 4-ஐத் தாண்ட மாட்டேங்குது.

வானம் தெளிவா இருக்கிற நாள்ல இது ஒரு விஷயமே இல்லை. புகைமூட்ட மாசத்துல தியோமான் பக்கம் கடல் மேல போய்ப் பாருங்க. வானமும் கடலும் ஒரே சாம்பல், அடிவானக் கோடு எங்கேன்னே தெரியாது. விஎஃப்ஆர்தான் (வெளியே கண்ணால பார்த்து) பறக்கிறோம், ஆனாலும் அந்த நேரத்துல இந்தக் கருவிங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கு.

ரெண்டு ஜைரோவையும் ஓவர்ஹாலுக்கு அனுப்புற வெள்ளிக்கு மேல கொஞ்சம் போட்டா எலெக்ட்ரானிக்கே வாங்கிடலாம்னு ஒரு கூட்டாளி சொல்றார். இன்னொருத்தர் பெரிய டச் ஸ்கிரீன் கனவுல இருக்கார். ஆட்டோபைலட் எஸ்-டெக் 30. கார்மின் ஜி5, ஜிஐ 275, ஆஸ்பென், டைனன்னு பேர் மட்டும் தெரியும். எதை எடுக்கலாம்?

ஹேங்கர்வாசி:
தம்பி, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. சக்‌ஷன் 4.5-லேர்ந்து 5.5 இன்ச்சுக்குள்ள இருக்கணும். 4-ல ஓடினா எந்த ஜைரோவும் சோம்பலாத்தான் சுத்தும், நிமிர நேரம் எடுக்கும். ரெண்டு கருவியும் ஒண்ணா மக்கர் பண்ணுதுன்னா, ரெண்டுக்கும் பொதுவான இடத்துலதான் முதல்ல தேடணும்.

கேஜ் குறைவா காட்டினா சென்ட்ரல் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்ல ஹோஸ் எங்கேயோ கசியும், இல்ல பம்ப் தேய்ஞ்சிருக்கும். கேஜ் கூடுதலா காட்டினாத்தான் உறிஞ்சலைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரைச் சுத்தியிருக்கிற சின்ன ஃபில்டரைச் சந்தேகப்படணும். சில பேர் ஃபில்டரை மாத்தாம ரெகுலேட்டரைத் திருகி 5-க்கு ஏத்திடுவாங்க. அதைச் செய்யவே செய்யாதீங்க. என்னைக்காவது புது ஃபில்டர் போடும்போது சக்‌ஷன் எகிறி, ஜைரோ பேரிங்கைத் தின்னுடும்.

இது லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கை வைக்கிற வேலை. அவரைக் கூப்பிட்டு ஃபில்டர் மாத்தி, ஒரு தடவை பறந்து பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

சிறகு172:
மாத்தியாச்சு அண்ணே. பழைய ஃபில்டர் கருகருன்னு இருந்துச்சு. கூடவே பம்ப் பக்கத்து ஹோஸ்ல ஒரு கிளாம்ப் லூசு. இப்ப சக்‌ஷன் 5. ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் திருப்பம் முடிஞ்சதும் ஒழுங்கா நிமிருது. ஆனா ஹெடிங் இன்னும் கால் மணிக்கு 10 டிகிரிக்கு மேல ஓடுது. பூமி சுத்துறதாலயும் ஹெடிங் தள்ளும்னு கிளப்புல ஒருத்தர் சொன்னார், அதுவா இருக்குமா?

ஹேங்கர்வாசி:
நம்ம ஊர்ல அது கணக்குலயே வராது. பூமி சுழற்சியால வர்ற நகர்வு, மணிக்கு 15 டிகிரியை அட்சரேகையோட சைனால பெருக்கினா வர்றது. லண்டன்ல மணிக்குக் கிட்டத்தட்ட 12 டிகிரி வரும். செனாய், சிலேத்தார் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு ஒண்ணு ஒண்ணரை டிகிரி மேலதான், அரை டிகிரி கூடத் தேறாது. கால் மணிக்கு 3 டிகிரி வரைக்கும்னா விட்டுடலாம். நீங்க சொல்றது பேரிங் போன கேஸ்.

ஒண்ணு மட்டும் நம்ம அதிர்ஷ்டம். காந்த நடுக்கோடு தென் தாய்லாந்து வழியா, நமக்குக் கொஞ்சம் வடக்கேதான் போகுது. இங்கே திசைகாட்டி முள் அதிகம் சாயாது, திருப்பத்துல வர்ற பிழையும் சின்னதுதான். அதைப் பார்த்து அடிக்கடி ஹெடிங்கைச் சரி பண்ணிக்கிட்டே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். புகைமூட்டத்துக்கு முன்னாடி மாத்திடுங்க.

நீலவானம்:
நான் ஒரு பைப்பர் வாரியர் விமானத்தில் இரண்டு ஜி5 வைத்துப் பறக்கிறேன், ஒன்று ஆட்டிட்யூட், மற்றொன்று எச்எஸ்ஐ (ஹெடிங்கையும் போக வேண்டிய பாதையையும் சேர்த்துக் காட்டுவது). என் பார்வையைச் சொல்கிறேன்.

ஜி5 திரை 3.5 இன்ச். பேக்கப் பேட்டரி நான்கு மணி நேரம் வரை தாங்கும் என்பது கார்மின் கணக்கு. மேலே உள்ளது செத்தால் கீழே உள்ள எச்எஸ்ஐ ஆட்டிட்யூடாக மாறிவிடும். நான் வாங்கியதற்குக் காரணமே அதுதான். வேகமும் உயரமும் அதில் தெரியும், ஆனால் பழைய ஏர்ஸ்பீட் இண்டிகேட்டரையும் ஆல்டிமீட்டரையும் கழற்ற முடியாது. "பேனல் காலியாகிவிடும்" என்று உங்கள் கூட்டாளி நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மலையையும் தரையையும் திரையில் வரைந்து காட்டும் சிந்தெடிக் விஷனும் கிடையாது.

2020-ல் வந்த ஜிஐ 275 வட்டமானது, பழைய 3⅛ இன்ச் ஓட்டையிலேயே உட்காரும். டச் ஸ்கிரீன் உண்டு, சிந்தெடிக் விஷன் கூடுதல் காசு. பேட்டரி ஒரு மணி நேரம்தான். விலையும் ஜி5-ஐ விடக் கணிசமாகக் கூடுதல். கேஎஃப்சி 150 மாதிரி, ஆட்டிட்யூட் சிக்னல் கேட்கும் பழைய ஆட்டோபைலட் இருந்தால் இதற்குத்தான் போக வேண்டும், ஜி5 அதைக் கொடுக்காது. உங்களுடையது எஸ்-டெக் 30 என்பதால் அந்தக் கட்டாயம் இல்லை.

ராஃபிள்ஸ்பிளேஸ்பைலட்:
எதுக்கு ரெண்டு குட்டிப் பெட்டி? ஜி3எக்ஸ் டச் 10.6 இன்ச் போடுங்க, இல்ல டைனன் ஸ்கைவியூ எச்டிஎக்ஸ். ரெண்டுக்குமே 172-க்கு எஸ்டிசி (பொருத்துறதுக்கான அனுமதிச் சான்று) இருக்கு. செனாய்க்கு மேற்கே குனுங் பூலாய் 654 மீட்டர். புகையில அது திரையில தெரிஞ்சா எவ்வளவு நிம்மதி!

ஹேங்கர்வாசி:
நிம்மதிதான், மறுக்கலை. ஆனா அதுக்குப் பேனலையே புதுசா வெட்டணும், விமானம் மாசக்கணக்குல ஹேங்கர்ல கிடக்கும். பெரிய திரை ஒண்ணு போனா பார்க்கிறதுக்குத் தனியா ஒரு ஸ்டேண்ட்பை வேற வேணும். நிறைய பேர் அதுக்கு ஜி5-தான் வைக்கிறாங்க! பூலாய் மலை ஐபேட்லயும் தெரியும், வெயில்ல சூடாகி அது அணையாம இருந்தா.

திரை அளவை விட நான் முதல்ல கேட்கிற கேள்வி வேற: பிட்டோ (வேகத்தை அளக்கிற காத்துக் குழாய்) அடைச்சா திரையில அடிவானம் என்னாகும்? இந்தப் பெட்டிங்களுக்குள்ள சுத்துற சக்கரம் கிடையாது, சென்சார்தான். அது நேரா நிக்க வேகமோ ஜிபிஎஸ்ஸோ துணைக்கு வேணும். ஆரம்பகால ஆஸ்பென் எவல்யூஷன் பிட்டோவையே நம்பியிருந்துச்சு. வேகம் போனா ஆட்டிட்யூட் மேலேயே சிவப்புக் குறுக்குக் கோடு விழும். 2018-ல வந்த மேக்ஸ் வரிசையிலதான் ஜிபிஎஸ் துணையைச் சேர்த்தாங்க. ஜி5 ரெண்டையும் பயன்படுத்திக்கும். யாராவது மலிவா செகண்ட்ஹேண்ட் ஆஸ்பென் காட்டினா, மேக்ஸா இல்லையான்னு கேளுங்க. வெளியில நிக்கிற விமானத்துல பிட்டோ உறையை ஒரு ராத்திரி மறந்தா போதும், குளவி உள்ளே மண் வீடு கட்டிடும்.

சிறகு172:
அப்ப ஹெடிங் இடத்துல மட்டும் ஒரு ஜி5 போதுமா? ஆட்டிட்யூட் இண்டிகேட்டர்தான் இப்ப நல்லா இருக்கே.

நீலவானம்:
போடலாம், அனுமதி உண்டு. ஆனால் அந்த ஒரு ஜைரோவுக்காகப் பம்ப், ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாவற்றையும் சுமந்துகொண்டே இருப்பீர்கள். கார்பன் பிளேடு தேயும் உலர் பம்ப் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சாகாது. நானாக இருந்தால் இரண்டையும் ஒரே தடவையில் மாற்றி வேக்கம் (உறிஞ்சல்) அமைப்பு மொத்தத்தையும் இறக்கிவிடுவேன்.

ஹேங்கர்வாசி:
எனக்கு அதுல முழுச் சம்மதம் இல்லை. காசு கையில இல்லன்னா இப்ப எச்எஸ்ஐ மட்டும் போடுங்க, பம்ப் போற அன்னைக்கு இன்னொண்ணு. ஒண்ணு வேக்கம், ஒண்ணு கரண்ட்னு ரெண்டு வேற வேற மூலத்துல ஓடுறதும் ஒரு பாதுகாப்புதான்.

ஆட்டோபைலட் விஷயத்துல மட்டும் கவனம். எஸ்-டெக் 30 சாய்வை டர்ன் கோஆர்டினேட்டர்ங்கிற திருப்பக் கருவியிலேர்ந்துதான் எடுக்குது. ஜி5-ஐ அங்கேயும் போடலாம்னு யாராவது ஆசை காட்டினா, கை வைக்க விடாதீங்க. ஹெடிங் பக் (போக வேண்டிய திசையை வச்சுக்கிற குறி) சிக்னல் பழைய ஹெடிங் இண்டிகேட்டர்லேர்ந்து வருது, அதைக் கழட்டினா ஹெடிங் மோட் போயிடும். ஜிஏடி 29பி அடாப்டர் சேர்த்தாத்தான் திரும்பக் கிடைக்கும். கொட்டேஷன்ல அது இருக்கான்னு பாருங்க, பல இடத்துல விட்டுடுவாங்க.

அப்புறம் பேப்பர் வேலை. அமெரிக்க எஃப்ஏஏ-வோட எஸ்டிசி கையில இருந்தா மட்டும் 9எம் விமானத்துல போட்டுட முடியாது, மலேசிய ஆணையம் ஏத்துக்கணும். 9வி-ன்னா அதே கேள்வி சிங்கப்பூர் ஆணையத்துக்கு. எக்ஸ்பெரிமெண்டல் (சொந்தமா கட்டுற மாதிரி) விமானத்துக்கான ஜி5-ன்னு மலிவா ஒண்ணு ஆன்லைன்ல கிடைக்கும். பார்க்க அச்சு அசல் அதேதான், பார்ட் நம்பர் வேற. உங்க 172-ல அதைப் போட முடியாது.

சிறகு172:
ரொம்ப நன்றி அண்ணே, நீலவானம் சாருக்கும். எச்எஸ்ஐ ஜி5, ஜிஏடி 29பி, காந்த சென்சார் ஜிஎம்யூ 11, மூணும் சேர்த்துக் கொட்டேஷன் கேட்கிறோம். சென்சாரை எங்கே வைக்கச் சொல்லணும்?

ஹேங்கர்வாசி:
இறக்கையில, ஸ்ட்ரோப் லைட், நேவ் லைட் வயர்லேர்ந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. பக்கத்துல இருக்கிற ஸ்குரூ காந்தம் பிடிக்காததா இருக்கணும். மூடுறதுக்கு முன்னாடி காந்தக் குறுக்கீட்டு டெஸ்ட்டை உங்க கண் முன்னாடி ஓடவிடச் சொல்லுங்க. லேண்டிங் லைட், ஸ்ட்ரோப், ஃபிளாப், பிட்டோ ஹீட் ஒவ்வொண்ணா போட்டுப் பார்ப்பாங்க. எதுல ஃபெயில்னு வந்தாலும் சென்சாரை நகர்த்தாம விமானத்தை வாங்கிட்டு வராதீங்க.