திரும்பி வரும் தண்ணீர்: உங்கள் ஆலையில் என்ன செய்தது?

மிதவைக்காரன்:
எங்களுடையது ஈயத்தையும் துத்தநாகத்தையும் நுரை மிதப்பில் (தாதுத் துகளைக் காற்றுக் குமிழில் ஒட்டவைத்து மிதக்கவிடும் முறை) பிரிக்கும் ஆலை; முதலில் ஈயம், பிறகு துத்தநாகம். எல்லா திக்கனர்களின் (குழம்பைப் படியவிடும் தொட்டிகள்) ஓவர்ஃப்ளோவையும், அதாவது மேலே வழியும் தெளிந்த தண்ணீரையும், ஒரே தொட்டியில் விட்டு, அதையே அரைவைக்குத் திருப்பும்படி வடிவமைத்திருந்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஈயக் கான்சென்ட்ரேட்டில் (பிரித்தெடுத்த ஈயத் தாதுப்பொடி) மட்டும் துத்தநாகம் ஏறிக்கொண்டே போனது. அதை அமுக்க ஒவ்வொரு ஷிஃப்டும் துத்தநாக சல்பேட்டைக் கூட்டிப் பார்த்தது. கொஞ்சம் அடங்கும், மறுபடி ஏறும்.

துத்தநாகத்தை மிதக்க வைக்க மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போடுகிறோம் அல்லவா, காரணம் அதுதான். தாமிர அயனி மேலே படிந்தால்தான் ஸ்பாலரைட் (துத்தநாகத் தாது) சான்தேட்டை (துகளைக் குமிழில் ஒட்டவைக்கும் மருந்து) நன்றாகப் பிடிக்கும். அந்தத் தாமிரமும் மிச்ச சான்தேட்டும் தண்ணீரோடு திரும்பி வந்தால், ஈயத்தை மிதக்கவிடும் தொட்டியிலேயே (ஈய செல்) ஸ்பாலரைட் விழித்துக்கொண்டு மிதக்கிறது. கலங்கலை மட்டும் அளக்கும் ஆய்வகத்துக்கு இது தெரியவே தெரியாது.

குழாய்களைப் பிரித்தோம். ஈயப் பக்கத் தண்ணீர் ஈயத்துக்கே, துத்தநாகப் பக்கத்துத் தண்ணீர் துத்தநாகத்துக்கே. பின்னதில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருப்பதால் அங்கே சுண்ணாம்புச் செலவும் குறைந்தது. கழிவுக் குளத்தில் நாள்பட நின்ற தண்ணீரில் சான்தேட் தானாகச் சிதைந்துவிடும். தாமிரத்தை அளந்து பார்த்து அந்தத் தண்ணீரை அரைவைக்கு விடுகிறோம்.

பம்ப்_பராமரிப்பு:
நாங்கள் எடுப்பது தாமிரம் மட்டும், அதனால் அந்தத் தலைவலி இல்லை. எங்களைப் படுத்தியது ஜிப்சம். சல்பைடு தாதுவிலிருந்து சல்பேட் வருகிறது, சுண்ணாம்பிலிருந்து கால்சியம். லிட்டருக்குச் சுமார் 2 கிராமுக்கு மேல் ஜிப்சம் கரைந்து நிற்காது; குழாயிலும் ஸ்ப்ரே நாசிலிலும் படிந்துவிடும். தட்டித் தட்டி எடுத்தோம், அப்புறம் ஆன்டிஸ்கேலன்ட் (படிவதைத் தடுக்கும் மருந்து) போட்டோம். பம்பின் கிளாண்ட் சீலுக்கு (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பு) இன்றும் சுத்தமான தண்ணீர்தான். அதில் போய் மிச்சம் பிடித்தால் ஷாஃப்ட் ஸ்லீவ் (தண்டின் மேலுறை) தேய்ந்துபோகும்.

திக்கனர்தாசன்:
ஃப்ளாக்குலன்ட்டையும் (துகள்களைத் திரட்டித் திக்கனரில் படியவைக்கும் மருந்து) பாருங்கள். சரியாகப் படியவில்லை என்று ஊற்றிக்கொண்டே போனால் மீதி ஓவர்ஃப்ளோவில் வந்து, செல்லில் தாதுவையும் களிமண்ணையும் சேர்த்துத் திரட்டும். எங்களிடம் மருந்து குறையவில்லை, உள்ளே வந்த குழம்புதான் கெட்டி. ஓவர்ஃப்ளோவில் கொஞ்சத்தைத் திருப்பி ஃபீட்வெல்லில் (குழம்பு திக்கனருக்குள் நுழையும் இடம்) கலந்ததும் குறைந்த மருந்திலேயே படிந்தது. மிதவைக்காரன், தாமிரத்தை வடிகட்டிய தண்ணீரிலா அளக்கிறீர்கள்?

மிதவைக்காரன்:
இல்லை. காரத் தண்ணீரில் தாமிரத்தின் பெரும்பகுதி ஹைட்ராக்சைடு துகளாகத்தான் இருக்கும். வடிகட்டினால் கணக்கிலேயே வராது. வடிகட்டாமல் அமிலம் சேர்த்துக் கரைத்து, மொத்தமாக அளக்கிறோம்.