வீல் அகலமாக்கியவர்களே, உங்களுக்கு எங்கே உரசியது?

திருவட்டார்_விஆர்எஸ்:
ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், டயர் 225/45 ஆர் 17-ல் இருந்து 235/40 ஆர் 18 (அகலம் மி.மீ.-ல், பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலத்தில்). மாட்டிய கடையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துக் காட்டி, "எங்கேயும் உரசாது அண்ணே" என்றார்கள். அங்கே உரசவும் இல்லை.

அடுத்த வாரம் குலசேகரத்தில் கல்யாண வீடு. பின் சீட்டில் அம்மா, அத்தை, சித்தி. டிக்கி நிறையப் பாத்திரம். ரோட்டில் ஒரு பள்ளம் இறங்கி ஏறியதும் பின்னால் கர்ரென்று நீளமாக ஒரு இழுப்பு. "மக்கா, ரப்பர் கரிஞ்ச மணம் வருதே" என்றார் அத்தை. ஓரம் கட்டி, பின் மட்கார்டுக்குள் கை விட்டேன். விளிம்பெல்லாம் டயர் சீவல், சுருள் சுருளாக. தொட்டால் சுட்டது. டயரின் தோளில் சுற்றிலும் ஒரே கோடாக வெட்டு.

ஒடித்துப் பார்ப்பது முன் சக்கரத்துக்கான சோதனை. பின் சக்கரம் திரும்பாது, பாரம் ஏறினால் மேலே போகும். ஆள் ஏற்றிப் பார்க்காமலே "உரசாது" என்று எப்படிச் சொன்னார்கள்? அதுதான் இன்னும் மனதில் கிடந்து அறுக்கிறது.

மார்த்தாண்டம்_போலோ:
எனக்கு நேர் எதிர். போலோ ஜிடி, 185/60 ஆர் 15 இருந்த இடத்தில் 205/50 ஆர் 16. எவ்வளவு ஆள் ஏறினாலும் பின்னால் சத்தமில்லை. முழுசாக ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் முன் மட்கார்டின் உள்பக்க லைனரில் லேசாக உரசும். பிளாஸ்டிக்தானே என்று விட்டிருந்தேன். குழித்துறையில் ஒரு பங்கில், நல்ல மழை, வண்டியைத் திருப்பும்போது கிளிப் பிய்ந்து லைனர் டயரோடு சுற்றிக்கொண்டது. பங்கில் நின்ற பையன் ஓடி வந்து பானட்டில் அடித்து "நிறுத்துண்ணே!" என்று கத்தினான். அந்த அடி இன்னும் காதில் கேட்கிறது. அப்புறம் லைனரை ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே அழுத்தி, கூடுதலாக ஒரு ஸ்க்ரூ போட்டோம். சரியாகிவிட்டது.

திருவட்டார் அண்ணே, டயர் அளவைச் சொன்னீர்கள், ஆஃப்செட்டை, அதாவது போல்ட் போடும் முகம் வீலின் நடுக்கோட்டில் இருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்லவில்லையே?

குளச்சல்_கடலோரம்:
மட்கார்டு விளிம்பை உருட்டி மடக்கினால் போதும் என்று யாராவது சொல்லும் முன் நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் மடக்கினார்கள், பெயிண்டைச் சூடாக்காமலே. உரசல் நின்றது. ஒரு மழைக்காலம் போனதும், வண்டியைத் துடைத்த துணியில் பெயிண்ட் செதில் செதிலாக வந்தது, அடியில் செம்பழுப்புத் துரு. மயிரிழை விரிசல் போதும், எங்கள் உப்புக்காற்று உள்ளே போய்விடும். குலசேகரத்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது.

இரணியல்_ஷார்ஜா:
குளச்சல்காரர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. உருட்டுவதில் தப்பில்லை. பெயிண்ட் இளகும் அளவு சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, உள்பக்கம் சீலர் அடித்தால் கடலோரத்திலும் நிற்கும்.

இங்கே என்னிடம் இருப்பது டொயோட்டா 86. 215/45 ஆர் 17-ஐ எடுத்துவிட்டு, 9 ஜே (9 அங்குல அகல) வீலில் 245/40 போட்டேன். வெளியே பிரச்சினை இல்லை, உள்ளே ஸ்ட்ரட்டுக்கும் (ஷாக் அப்சார்பர் தூண்) டயருக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. பார்க்கிங் சரிவில் இறங்கும்போது சீறல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வீல் ஒரு அங்குலம் அகலமானால் உள்ளே 12.7, வெளியே 12.7 மி.மீ. கூடும். ஆஃப்செட் 10 குறைந்தால் முழு வீலும் 10 மி.மீ. வெளியே தள்ளும். இரண்டும் சேர்ந்தால் வெளியே 22.7, உள்ளே 2.7 மட்டும். வாங்கும் முன் பேப்பரில் போட்டுப் பாருங்கள். அப்புறம் பின் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை பம்ப் ஸ்டாப் (மேலே போய் முட்டும் ரப்பர்) தொடும் வரை ஏற்றி, விளிம்பில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டுங்கள். எங்கே நசுங்குகிறதோ அங்கேதான் உரசும். வீலை வெளியே தள்ள நடுவில் ஸ்பேசர் தகடு போட்டால் அதே கனத்துக்கு நீளமான போல்ட் வேண்டும், பழைய போல்ட்டில் இரண்டு மரை பிடித்ததும் ஓட்டாதீர்கள். நெகட்டிவ் கேம்பர் வைத்து, அதாவது சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து ஒளிக்கலாம் என்பார்கள், டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். லோடு இண்டெக்ஸும் (டயர் தாங்கும் எடைக்கான எண்) பாருங்கள்: 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, உங்கள் பழைய டயரின் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள்.

திருவட்டார்_விஆர்எஸ்:
மார்த்தாண்டம் தம்பி கேட்டது சரியான கேள்வி. என் வீலும் அதே கணக்குதான்: ஒரு அங்குலம் அகலம் கூட, ஆஃப்செட் 10 குறைவு. டயர் விட்டம் வேறு 634 மி.மீ.-ல் இருந்து 645 ஆகிவிட்டது. 225/40 போட்டால் விட்டம் 637-க்கு வந்துவிடும், ஆனால் பக்கத்துக்கு 5 மி.மீ. உள்ளே போனால் போதுமா? வீல் அங்கேயேதானே நிற்கிறது. மட்கார்டைத் தொட எனக்கு மனசில்லை. வீலைக் கொடுத்துவிட்டு, பழைய ஆஃப்செட்டுக்குப் பக்கத்தில் வருவதை வாங்கப்போகிறேன்.

மார்த்தாண்டம்_போலோ:
கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள் அண்ணே, வந்து பார்க்கிறேன்.

இரணியல்_ஷார்ஜா:
தம்பி, போலோ 5க்கு 100 (ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டத்தில்), ஆக்டேவியா 5க்கு 112. நடு ஓட்டை இரண்டுக்கும் 57.1 மி.மீ.தான், ஆனால் போல்ட் துளை சேராது. அடாப்டர் போட்டு ஏற்றினால் இன்னும் வெளியேதான் போகும். வேண்டாம்.