இடைநிலை ஸ்பானிய மொழிப் பாடத்திற்கு வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் இவ்வாண்டு இடைநிலை ஸ்பானிய மொழியைப் பாடமாக எடுத்திருக்கிறாள். ஒருமுறை சாப்பிட்டு முடித்ததற்கு 'கொமீ', வழக்கமாகச் சாப்பிட்டுவந்ததற்கு 'கொமீயா' என இரண்டு இறந்தகால வடிவங்கள் உண்டு என்பதை அவள் நன்றாக அறிந்திருந்தும், கதை எழுதும்போது இரண்டும் ஒரே பத்தியில் கலந்து வர வேண்டிய இடங்களில் தடுமாறுகிறாள். விதிகளை மனப்பாடம் செய்வதைவிட நிறைய வாசிப்பதே இதற்குக் கைகொடுக்கும் என நம்புகிறேன். ஆகவே இந்நிலைக்கு ஏற்ற எளிய கதை நூல்களையும், நிதானமாகப் பேசப்படும் ஒலிப்பதிவுகளையும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

பண்பாட்டுப் பகுதிக்காக, 2008இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மெக்சிகோவின் இறந்தோர் தினத்தைப் பற்றி அவள் ஸ்பானிய மொழியிலேயே வகுப்பில் பேச வேண்டும். நவம்பர் 1, 2 ஆகிய நாட்களையொட்டிச் செண்டுமல்லிப் பூக்கள், மெழுகுவர்த்திகள், மறைந்தவர்களின் படங்கள், அவர்களுக்குப் பிடித்த உணவு ஆகியவற்றை வைத்துக் குடும்பத்தார் அமைக்கும் படையலை, வெறும் அலங்காரமாக வருணிக்காமல் உரிய மதிப்போடு விளக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். எனக்கும் அதுவே முக்கியமாகப் படுகிறது. மெக்சிகோவில் வாழ்ந்தவர்களோ இம்மொழியைக் கற்பிப்பவர்களோ இக்குழுவில் இருந்தால், உரையில் எதை அவசியம் சேர்க்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.