மாற்றுத்திறனாளர் உரிமை மையங்களின் நிதிக்காகக் கடிதம் எழுத உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கும் நான் சக்கர நாற்காலியில் வேலைக்குச் சென்று வருபவள். அலுவலகத்தின் முகப்புக் கதவைத் தனியாகத் திறக்க முடியாததால், யாராவது வரும்வரை பல மாதங்கள் வெளியே காத்திருந்தேன். மழை நாட்களிலும் அப்படித்தான். கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் வடகிழக்கு ஏ.டி.ஏ. (அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்ட) மையத்தைத் தொலைபேசியில் அழைத்த பிறகுதான், நிறுவனத்திடம் எதை, எந்தச் சொற்களில் கேட்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டத்தை விளக்கவும் பயிற்சி அளிக்கவும் 1991இல் தொடங்கப்பட்ட இத்தகைய வட்டார மையங்கள் பத்து உள்ளன. அவை வழக்குத் தொடுப்பதில்லை, அபராதம் விதிப்பதில்லை; கேட்பவர் தொழிலாளியா, முதலாளியா, நகராட்சியா என்று பாராமல் கட்டணமின்றி வழிகாட்டுகின்றன. சிக்கல்கள் பல நீதிமன்றம் வரை போகாமல் தீர்வதற்கு இந்த நடுநிலையே காரணம் என்று நம்புகிறேன். மத்திய சுகாதார, மனித சேவைகள் துறையின் கீழுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் இவற்றுக்கு ஐந்தாண்டு மானியம் வழங்குகிறது. ஆனால் அதற்கான பணத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டியுள்ளது.

இந்த ஒதுக்கீட்டைக் காக்கும்படி எங்கள் தொகுதி உறுப்பினருக்கும் இரு செனட்டர்களுக்கும் எழுதவிருக்கிறேன். இத்தகைய மனுக்களை எழுதிப் பழகியவர்கள் என் வரைவைப் படித்துத் திருத்தித் தர இயலுமா? இம்மையங்களின் உதவியைப் பெற்றவர்கள், குறிப்பாக ஆங்கிலம் அதிகம் பேசாத பெற்றோருக்காக அழைத்தவர்கள், தங்கள் அனுபவத்தைப் பெயர் குறிப்பிடாமலாவது நான்கு வரிகளில் எனக்குத் தனிச்செய்தியாக அனுப்பினால் கடிதத்துடன் இணைத்துக்கொள்வேன்.